900 கிலோமீட்டர் ஓட்டியும் கம்பளம் கண்ணில் படவில்லை: மேற்கு ஆஸ்திரேலியக் காட்டுப்பூக்கள்

செப்டம்பர் 30, இரவு (வாசகர் கேள்வி)

பெர்த்துக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மன்னர் பிறந்தநாள் நீள்விடுமுறையில் குடும்பத்தோடு வடக்கே முல்லேவா என்ற ஊர் வரை போய் வந்தோம். போக வர 900 கிலோமீட்டர். சுற்றுலாப் படங்களில் காட்டும் இளஞ்சிவப்புப் பூக்கம்பளம் எங்குமே இல்லை. சாலையின் இரு பக்கமும் காய்ந்த புல்லும் சாம்பல் நிறப் புதரும்தான். காட்டுப்பூப் பருவம் என்பது ஊதிப் பெருக்கிய கதை என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே நெடுங்காலமாக இருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் மறுப்பதென்றால் மறுக்கலாம்.

அக்டோபர் 1, காலை

மறுக்கிறேன், தம்பி. நீங்கள் போன இடம் சரி, போன நாள் பிந்திவிட்டது. இந்த மாநிலத்தில் பூ வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்து வருகிறது. வடக்கே உள்ள பில்பரா வட்டாரத்தில் ஜூன், ஜூலையிலேயே தொடங்கிவிடும். முல்லேவா, மொராவா, பெரென்ஜோரி பக்கம், கம்பளமாக விரியும் எவர்லாஸ்டிங் பூக்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் உச்சத்துக்கு வந்து, செப்டம்பர் நடுவில் வெயில் ஏறியதும் ஓய்ந்துவிடும். நீங்கள் விடுமுறையைப் பார்த்துக் கிளம்பினீர்கள். பூவோ மே, ஜூன் மாதங்களில் பெய்த மழையைப் பார்த்து வருவது. அந்த மழை பொய்த்த ஆண்டில், எந்த நாளில் போனாலும் கம்பளம் இருக்காது.

ஆனால் நீங்கள் வடக்கே இருந்த அதே நாள்களில், பெர்த்தைச் சுற்றியும் அதற்குத் தெற்கேயும் பூக்காத புதர் இல்லை. இம்மாநிலத்தில் 12,000-க்கும் மேற்பட்ட காட்டுப்பூ வகைகள் இருக்கின்றன. அவை உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றுள் கம்பளம் விரிப்பவை மிகச் சில. மற்றவையெல்லாம் காரை நிறுத்தி இறங்கி, குனிந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்குள்ளிருந்து பார்த்தால் அவை சாம்பல் நிறப் புதராகத்தான் தெரியும்.

அக்டோபர் 1, மதியம்

காலையில் எழுதியதில் ஒரு பிழை. 12,000 வகையும் வேறெங்கும் இல்லை என்று எழுதிவிட்டேன். அவற்றுள் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் இம்மாநிலத்துக்கே உரியவை. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

அக்டோபர் 3

குனிந்து பார்ப்பது என்றால் என்னவென்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அது முதல் சில ஆண்டுகளில் தெரியாது. லெசூர் தேசியப் பூங்காவில்தான் கற்றுக்கொண்டேன்.

பெர்த்திலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால், ஜூரியன் பே என்ற கடற்கரை ஊருக்கு அருகில் இருக்கிறது அது. உள்ளே 18 கிலோமீட்டருக்கு ஒருவழிச் சாலை வளைந்து போகிறது. முதல்முறை அந்தச் சாலையை அரைமணி நேரத்தில் சுற்றிவிட்டு, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தேன். முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று முள்ளும் முரடுமாகப் புதர்கள். மரம் என்று சொல்லத்தக்கவை குறைவு. இத்தகைய மணற்பாங்கான புதர்வெளியை இம்மண்ணின் தொல்குடியினரான நூங்கார் மக்கள் குவொங்கன் என்று அழைக்கிறார்கள். நிலத்துக்குப் பூவின் பெயரையே வைத்துத் திணை பிரித்த மரபிலிருந்து வந்த நமக்கு, இந்த நிலத்தை முல்லை என்பதா பாலை என்பதா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

அந்த ஒரே பூங்காவில் 900-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டு, மறு ஆண்டு திரும்பப் போனேன். அன்று வண்டியை நிறுத்திவிட்டு, நடைபாதை ஓரத்தில் ஒரு பாய் அளவு இடத்தைக் கண்ணால் வரித்துக்கொண்டு, அதற்குள் எத்தனை வகைப் பூ இருக்கின்றன என்று எண்ணினேன். பதினேழு வரை எண்ணினேன். அதற்குமேல் இலையா மொட்டா என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பூ இருப்பதற்கு மண் வளமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், உண்மை நேர்மாறானது. இது மிகமிகப் பழைய மண். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையில் சத்தெல்லாம் கரைந்து போன மணல். குறிப்பாக, பாஸ்பரஸ் மிகவும் குறைவு. பேங்க்சியா, ஹேக்கியா போன்ற செடிகள் கொத்துக் கொத்தான நுண்வேர்களை விட்டு அந்தக் கொஞ்சச் சத்தையும் உறிஞ்சி வாழ்கின்றன. தோட்டத்தில் வளர்க்கிறேன் என்று வழக்கமான உரத்தைப் போட்டால் சில வகைகள் பட்டுப்போய்விடுவதும் இதனால்தான்.

அங்கே நான் மண்டியிட்டுப் பார்த்த ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். டிரிகர் செடி என்பார்கள்; விரற்கடை அகலம்கூட இல்லாத வெளிர் இளஞ்சிவப்புப் பூ. நான்கு இதழ்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து, வண்ணத்துப்பூச்சி இறகை விரித்ததுபோல் இருக்கும். அவற்றுக்குப் பின்புறம், மகரந்தத்தையும் சூல்முடியையும் ஒருசேரத் தாங்கிய மெல்லிய தண்டு ஒன்று மடங்கிப் பதுங்கியிருக்கும். தேனை நாடி ஒரு சிறு பூச்சி பூவின் தொண்டையைத் தொட்ட நொடியிலேயே, அந்தத் தண்டு சுண்டிவிட்டதுபோல் முன்னால் பாய்ந்து பூச்சியின் முதுகில் மகரந்தத்தை அறைந்துவிடுகிறது. கண் சிமிட்டுவதற்கும் குறைவான நேரம். காய்ந்த புல்லின் நுனியால் நானும் தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். தண்டு பாய்ந்து புல்லின் மேல் மஞ்சள் பொடியைப் பூசிவிட்டுப் போனது. பிறகு அது மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்து, பழைய இடத்துக்குப் போய், அடுத்த பூச்சிக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. அதற்குச் சில நிமிடங்கள் ஆயின. அந்தச் சில நிமிடங்கள் நான் எழுந்திருக்கவில்லை.

எந்த இடமானாலும் காலையில் முடிந்த அளவு சீக்கிரம் போய்ச் சேருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் நடப்பதே சுகம்.

அக்டோபர் 4

வீட்டுக்குக் கொஞ்சம் பறித்துக்கொண்டு வரலாமா என்று கேட்ட அக்காவுக்கு: கூடாது. இம்மாநிலத்தில் இயல்பாக வளரும் தாவரங்கள் 2016-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. அரசு நிலத்தில் உரிமம் இல்லாமல் ஒரு பூவைப் பறித்தாலும் குற்றம்தான். சாலையோரமும் அதில் அடங்கும்.

நம் கை பூவைக் கண்டதும் தானாக நீளும் கை என்பது எனக்குத் தெரியும். அம்மா இங்கே வந்திருந்தபோது பெர்த்துக்குக் கிழக்கே மலைச்சரிவில் இருக்கும் ஜான் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். நீல லெஷனால்ட்டியா பூத்திருந்தது. அந்த நீலத்துக்கு ஒப்புச் சொல்ல எனக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை. சங்குப்பூவின் நீலத்தைவிடத் தெளிவானது என்று மட்டும் சொல்லலாம். அம்மாவின் கை அதை நோக்கிப் போனது. சட்டத்தைச் சொன்னேன். "பறிக்காத பூவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய்?" என்று கேட்டார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, பூசைக்குப் பறிப்பது காலையில் பறித்து மாலையில் வாடுவது, இது இங்கேயே சாமிக்குப் பூத்திருக்கிறது, இருக்கட்டும் என்றார். ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒவ்வொரு செப்டம்பரிலும் தொலைபேசியில் அந்த நீலப் பூவைப் பற்றிக் கேட்கிறார்.

அக்டோபர் 8

கூடாரம் அடித்துத் தங்குவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பூ பார்க்கப் போகிறவர்கள் ஒரு இரவாவது அங்கேயே தங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பகலில் வந்து பகலில் திரும்புகிறவருக்கு ஓட்டமும் நிறுத்தமும் மட்டுமே மிஞ்சும். இரவு தங்குகிறவருக்கு ஒரே இடத்தை மாலையிலும் காலையிலும் பார்க்கக் கிடைக்கும். கங்காருக்கள் சாலைக்கு வரும் அந்தி நேரத்தில் வண்டி ஓட்டத் தேவையில்லை என்பதும் ஒரு நன்மை. லெசூர் பூங்காவுக்குள் தங்க அனுமதி இல்லை. ஜூரியன் பேக்கு வடக்கே சாண்டி கேப் என்ற கடற்கரை முகாமில் தங்கிக்கொண்டு போய் வரலாம். கடற்காற்று பலமாக வீசும் இடம் அது. மணலில் நிற்கக்கூடிய நீளமான ஆணிகள் இல்லாமல் அங்கே கூடாரம் நிற்காது.

பெர்த்துக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், டுவெல்லிங்கப் ஊரை ஒட்டி மர்ரே ஆற்றங்கரையில் லேன் பூல் காப்பகம் இருக்கிறது. ஜாரா மரக்காட்டுக்குள் தங்கலாம். அங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு செப்டம்பர் மாதம் இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். ஒதுக்கிய இடத்தில் சரளைக்கல் உறுத்தியதால், நாலடி தள்ளி மெத்தென்றிருந்த சருகுத் தரையில் கூடாரத்தை அடித்தேன். காலையில் கூடாரத்தைச் சுருட்டியபோது அடியில் கழுதைக்காது ஆர்க்கிட் ஒரு கூட்டமே நசுங்கிக் கிடந்தது. மஞ்சளும் பழுப்புமாக, மேலே இரண்டு காது தூக்கி நிற்கும் பூ. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. அதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணிலுள்ள தனக்குரிய ஒரு பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும். அப்படி முளைத்துப் பூக்கும் நிலைக்கு வர ஆண்டுகள் ஆகும். அந்தக் காலையில் எங்கள் வீட்டுச் சின்னவள் ஒவ்வொரு தண்டாக நிமிர்த்திப் பார்த்தாள். நிற்கவில்லை. அன்றிலிருந்து, ஒதுக்கிய தளத்தில் எத்தனை கல் இருந்தாலும் அதைவிட்டு ஒரு அடி நகர்வதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

நெருப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெப்பமான மாதங்களில் முகாம்களில் விறகு எரிக்கத் தடை இருக்கும். முழு நெருப்புத் தடை அறிவித்த நாளில் விதிகள் இன்னும் இறுக்கமானவை. கிளம்பும் அன்று காலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே போங்கள். குளிர்காலமானாலும் சமையலுக்கு எரிவாயு அடுப்பையே கொண்டுபோங்கள். காட்டில் கிடக்கும் பட்ட மரக்கட்டையை விறகு என்று பொறுக்காதீர்கள். பல்லிக்கும் சிறு பாலூட்டிகளுக்கும் அதுதான் வீடு. உள்நாட்டில் செப்டம்பர் இரவுகள் கடுமையாகக் குளிரும் என்பதால் கம்பளியைக் குறைத்துவிடாதீர்கள். வளர்ப்பு நாய் உங்கள் வீட்டில் இருந்தால் தேசியப் பூங்காவுக்கு அழைத்து வர முடியாது. நரியையும் காடேறிய வீட்டுப்பூனையையும் ஒழிக்க 1080 என்னும் நச்சுத்தீனியைப் பல காடுகளில் போடுகிறார்கள். நாய்க்கு அது உயிர்க்கொல்லி. அதே நஞ்சு இங்குள்ள காஸ்ட்ரோலோபியம் என்ற பட்டாணிப்பூச் செடிகளில் இயற்கையாகவே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவற்றோடு வாழ்ந்த இவ்வூர் விலங்குகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து வந்தவைதான் சாகின்றன.

அக்டோபர் 9

பாம்பு: இருக்கும். வசந்தத்தில் டியூகைட் பாம்புகள் நடைபாதையிலேயே வெயில் காயும். முழுக்கால்சட்டை, கணுக்காலை மூடிய காலணி, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடப்பது, அழுத்தக் கட்டுப் போடும் துணிச்சுருள் இரண்டு. கடித்தால் அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் இறுகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் அவசர உதவிக்கான 000 எண்ணை அழைக்க வேண்டும். கடிவாயைக் கழுவுவதும் கீறுவதும் கூடாது.

அக்டோபர் 15

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டிரிகர் செடியின் அழகில் மறந்துவிட்டேன்.

நடைபாதைகளின் தொடக்கத்தில் ஒரு தூரிகையும் தட்டுமாகக் காலணி துடைக்கும் இடம் வைத்திருப்பார்கள். அது நம் காலணியை அழகாக்க வைத்ததன்று. பைட்டாஃப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் ஒன்று வெளியிலிருந்து வந்து இங்கே மண்ணில் கலந்துவிட்டது. பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சை அன்று. நீர்ப்பூசணம் என்ற தனிப் பிரிவில் வகைப்படுத்துகிறார்கள். ஈர மண்ணோடு ஒட்டிப் பயணம் செய்து, வேரை அழுகச் செய்து, செடி தண்ணீர் உறிஞ்ச முடியாமல் நின்ற நிலையில் காய்ந்துபோக வைக்கும். இங்குள்ளோர் அதை டைபேக் என்பார்கள். மாநிலத்தின் தென்மேற்கில் இயல்பாக வளரும் தாவரங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இதற்கு இரையாகக்கூடியவை. பேங்க்சியா, புல்மரம், ஜாரா எல்லாம் அதில் உண்டு. பாஸ்பைட் மருந்தைத் தெளித்தோ மரத்தில் ஏற்றியோ நோயின் வேகத்தைக் குறைக்கலாம். ஒரு காட்டில் புகுந்தபின் அதை வெளியேற்ற வழி இல்லை.

நான் ஐந்தாறு ஆண்டுகள் அந்தத் தூரிகையைக் கடந்து நேராக உள்ளே நடந்திருக்கிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. தென்பகுதியில், நோய் தாக்கிய ஒரு சரிவை வனக்காவலர் ஒருவர் காட்டினார். பாதைக்கு இடப்பக்கம் பேங்க்சியாக்கள் மஞ்சள் விளக்கேற்றியதுபோல் பூத்து நின்றன. வலப்பக்கம் அதே வயதுச் செடிகள் இலை செம்பழுப்பேறி வரிசையாகச் செத்து நின்றன. நடுவில் இருந்தது ஒரு நடைபாதை மட்டுமே.

ஆகவே, காலணியின் அடிப்பள்ளங்களில் மண் ஒரு துணுக்கும் இல்லாமல் தூரிகையால் எடுங்கள். முதலில் காய்ந்த மண்ணைத் துடைத்துவிட்டு, பிறகு மெத்திலேட்டட் ஸ்பிரிட் தெளியுங்கள். சேற்றின் மேலேயே தெளித்தால் பயனில்லை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இரண்டு முறையும் செய்ய வேண்டும். கூடார ஆணிகளிலும் வண்டிச் சக்கரத்திலும் மண் ஒட்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மழை பெய்து பாதை சேறாக இருந்தால் அன்று அங்கே போகாமல் வேறு இடம் போய்விடுங்கள்.

அக்டோபர் 27

ஸ்டெர்லிங் மலைத்தொடரிலிருந்து நேற்று திரும்பினேன். மூன்று இரவு. பூங்காவுக்குள் தங்க இருக்கும் ஒரே முகாமான மொயிங்கப் ஸ்பிரிங்கில் கூடாரம். அந்த மலைத்தொடரில் 1,500-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன. அவற்றில் 80-க்கும் மேற்பட்டவை வேறெங்கும் கிடையாது. 1,095 மீட்டர் உயரமுள்ள பிளஃப் நோல் உச்சிக்கு ஏறி இறங்க எனக்கு நான்கு மணிநேரத்துக்கும் மேல் ஆனது. பாதியைப் பூவின் முன் நின்று செலவிட்டேன். மேலே மேகம் வந்து மூடிக்கொண்டது.

அக்டோபர் 3 அன்று, காலையில் முடிந்த அளவு சீக்கிரம் போகச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். முகாமுக்கு அருகே காலை ஏழு மணி நடையில் ஒரு புல்வெளி ஓரத்தைப் பார்த்தேன். பச்சைத் தண்டுகளில் மூடிய மொட்டுகள் இருந்தன, நகர்ந்துவிட்டேன். பதினோரு மணிக்கு அதே வழியாகத் திரும்பினால் அத்தனையும் திறந்திருந்தன. சூரிய ஆர்க்கிட்டுகள், நீலமாக, விரிந்த நட்சத்திரம் போல. வெயிலும் வெதுவெதுப்பும் வந்தால்தான் அவை இதழ் பிரிக்கும். மேகமூட்டமான நாளில் மூடியபடியே இருந்துவிடும். நான் பல ஆண்டுகளாகக் காலை நடையோடு திரும்பிவிட்டு, இந்த ஆர்க்கிட்டுகள் எனக்குக் கிடைப்பதில்லை என்று வருந்தியிருக்கிறேன். அவற்றின் பக்கத்திலேயே நடந்திருப்பேன் போலும்.

இங்குள்ள ஆர்க்கிட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முடியாது. ஒன்றே ஒன்று: 1928-இல் காரிஜின் என்ற ஊரில் ஓர் உழவர், மண்ணுக்கு அடியிலேயே பூக்கும் ஆர்க்கிட் ஒன்றைக் கண்டெடுத்தார். அதற்குப் பச்சை இலை கிடையாது, வெயிலும் தேவையில்லை. அருகில் நிற்கும் புதரோடு உறவுகொண்ட பூஞ்சையின் வழியாகவே உணவைப் பெறுகிறது. அதை நான் பார்த்ததில்லை. பார்ப்பேன் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் நடக்கும்போது காலடியை மெதுவாக வைக்கிறேன்.

நவம்பர் 2

இந்த இழையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கம்பளம் தேடிப் போவதைச் சற்று இளக்காரமாக எழுதிவிட்டதாகத் தோன்றுகிறது. கேள்வி கேட்ட தம்பி மனம் நொந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் முதல் ஆசை கம்பளத்தில்தான் பிறந்தது.

மிங்கெனியூ ஊருக்கு அருகில் கோல்சீம் காப்பகம் என்று ஒன்று உண்டு. இம்மாநிலத்தில் நிலக்கரி முதன்முதலாக 1846-இல் கண்டுபிடிக்கப்பட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். நல்ல மழை பெய்த ஓர் ஆண்டு ஆகஸ்டில் அங்கே போனேன். எவர்லாஸ்டிங் பூக்கள் வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக, மரத்தடிகளில் மண் தெரியாமல் விரிந்திருந்தன. எனக்கு நினைவில் நிற்பது நிறம் அன்று, ஓசை. காற்று வீசியபோது பூக்கள் ஒன்றோடொன்று உரசிக் காய்ந்த காகிதம்போல் சரசரத்தன. அவற்றில் இதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் இதழ் அன்று. பூக்கொத்தைச் சுற்றிய செதில்கள் தாள்போல் உலர்ந்து வண்ணமேறி நிற்கின்றன. உண்மையான பூக்கள் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்தில் பொடிப்பொடியாக நெருங்கியிருக்கும். செதில்கள் முன்பே உலர்ந்தவை என்பதால்தான் வாடுவதே இல்லை.

கம்பளத்தைப் பார்க்கத்தான் வேண்டும். பாதையை விட்டு இறங்கி அதன் நடுவே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவே. ஒருவர் உட்கார்ந்த இடத்தில் அடுத்தவரும் உட்காருவார்; மாலைக்குள் அது மிதிபட்ட வழியாகிவிடும்.

ஆகஸ்ட் 24

கேள்வி கேட்ட தம்பி இந்த ஆண்டு ஆகஸ்டிலேயே கிளம்பி, பெரென்ஜோரியில் இரண்டு இரவு தங்கியிருக்கிறார். நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தார். கம்பளம் சில இடங்களில் இருந்ததாம். அதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, அரைமணி நேரம் மலர்வளையச் செடியைப் பற்றியே பேசினார்.

இங்கே புதிதாகப் படிப்பவர்களுக்கு: லெஷனால்ட்டியா மாக்ராந்தா என்பது அதன் அறிவியல் பெயர். அம்மா பார்த்த நீலப் பூவுக்கு ஒன்றுவிட்ட உறவு. தரையோடு தரையாகத் தாம்பாளம்போல் படர்ந்து, நடுவில் இலைகள் மட்டும் இருக்க, விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பூக்கள் வட்டமாகப் பூத்து, யாரோ மாலை கட்டி மண்ணில் வைத்ததுபோல் இருக்கும். சரளை மண் கிளறப்பட்ட சாலையோரமே அதற்குப் பிடித்த இடம். அதனால்தான் அதைக் காரிலிருந்து இறங்கியவுடன் பார்க்கவும் முடிகிறது, கார் ஏறி நசுக்கவும் முடிகிறது.

தம்பி போன இடத்தில் பதினொரு வளையங்கள் இருந்தனவாம். ஒன்றின் குறுக்கே சக்கரத் தடம் பதிந்து, பாதி வட்டம் மண்ணோடு அழுந்தியிருந்தது. மறுபாதியில் பூ இருந்தது. அவரும் அவர் மகனும் சாலையோரத்திலிருந்து ஏழெட்டுக் கற்களைப் பொறுக்கி, வண்டி ஏறும் பக்கமாக அரைவட்டமாக அடுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். அப்படிக் கல்லை நகர்த்தியது சரியா என்று என்னைக் கேட்டார். சரளைக்கு அடியில் விதை இருந்திருக்கலாம் என்பது அவர் கவலை. கிளறிய மண்ணில்தான் அது நன்றாக முளைக்கிறது, கவலை வேண்டாம் என்றேன். அடுத்த முறை கற்களைக் கையால் எடுக்குமுன் அடியில் தேள் இருக்கிறதா என்று காலணி நுனியால் புரட்டிப் பார்க்கவும் சொன்னேன்.